வன்னிப் பிரதேச சபைகளுக்கு: நூலகத்தில் ஓர் அறையை இரவு பத்தரை வரை திறந்து வையுங்கள்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, மாந்தை மேற்கு, வவுனியா வடக்கு, செட்டிகுளம் என்று எந்தச் சபையில் இருந்தாலும் சரி, 2025 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு வன்னியில் ஒரு பிரதேச சபைக் கதிரையில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பிரச்சினை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டுப் பாதீட்டைத் தயாரிக்கும்போது உங்கள் பொது நூலகங்களில் ஒன்றிலாவது ஓர் அறையை ஒதுக்குங்கள். மேசை, கதிரை, நம்பக்கூடிய இணைய இணைப்பு, கரண்ட் போனாலும் நாலு மணித்தியாலம் தாங்குகிற பற்றரி, கதவைச் சாத்திவிட்டுப் பேச ஒரு சின்னத் தடுப்பு, இவை போதும். அந்த அறை இரவு பத்தரை வரை திறந்திருக்க வேண்டும். ஐடி பார்க் கேட்கவில்லை, மாடிக் கட்டடம் கேட்கவில்லை. மடிக்கணினியோடு ஊருக்கு வருகிற ஒருவர் தன் வேலையை இழக்காமல் இருந்து செய்யக்கூடிய ஓர் அறை.

நான் முத்தையன்கட்டு இடதுகரைப் பக்கம் பிறந்தவள். கொழும்பில் ஒரு கொம்பனியில் கணக்கு வேலை செய்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகினோம், 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது அது இன்னும் உறுதியானது, அந்த ஆண்டு ஜூனில் அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. அதற்குப் பிறகு என்னைப் போன்ற பலருக்கு மாதத்தில் சில நாட்களாவது கந்தோருக்குப் போகத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறைக்கு வாடகை கட்டிக்கொண்டு இருக்கிற எங்களுக்கு இது பெரிய விஷயம். லீவு எடுக்காமலேயே அம்மா அப்பாவோடு இருக்கலாம். இருக்கலாம் என்று கொம்பனி சொல்கிறது, ஆனால் ஊரில் இருந்து பார்த்தால் வேலை நடக்கவில்லை.

நேரக் கணக்கை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. லண்டனில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்றால், அவர்களுடைய கோடைகாலத்தில் எங்களுக்குப் பிற்பகல் 1.30 இலிருந்து இரவு 9.30 வரை, குளிர்காலத்தில் 2.30 இலிருந்து 10.30 வரை. ரொறன்ரோவுக்கு வேலை செய்கிறவர்களுக்கு நாள் தொடங்குவதே மாலை ஆறரைக்கு அல்லது ஏழரைக்கு. மெல்பேர்ண் என்றால் அதிகாலை மூன்றரைக்கோ நாலரைக்கோ எழும்ப வேண்டும். இங்கிலாந்து நேரம் ஊருக்கு மிகவும் பொருந்துகிறது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலை முழுவதும் கைவசம் இருக்கிறது. மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கிளினிக் நாள் என்றால் விடியவே போய் நம்பர் எடுத்து, டொக்டரைக் காட்டி, மருந்து எடுத்து, பஸ்ஸில் திரும்பி வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்காரலாம். இதற்கு இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி, ஒரு நாள் லீவு போட்டு, கிளினிக் முடிந்த கையோடு திரும்புகிறோம். அல்லது பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சுகிறோம். வன்னியில் எத்தனை வீடுகளில் வயதான இருவர் மட்டும் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் வட்டாரத்திலேயே வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்டவர்கள் நீங்கள்.

அப்படியானால் வீட்டிலேயே இருந்து செய்ய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஏன் முடியவில்லை என்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிற பலர் "அங்கே ஃபோர்ஜி இருக்கிறதுதானே" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

ஃபோர்ஜி இருக்கிறது. பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு டவரின் கொள்ளளவை அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாத் தொலைபேசிகளும் பங்குபோட வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு வயலால் வந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து அழைக்கும் உறவுகள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிக்கிறார்கள், அந்த நேரம்தான் லண்டனில் மத்தியானம். டவருக்குத் தூரத்தில் இருக்கிற வீட்டின் நிலைமை வாய்க்கால் கடைசியில் இருக்கிற வயலின் நிலைமைதான், மேலே இருப்பவர்கள் எடுத்து முடித்த பிறகுதான் தண்ணீர் வரும். அதிலும் படம் பார்க்க வேண்டியது இறங்குகிற (டவுன்லோட்) வேகம், கூட்டத்தில் பேச வேண்டியது ஏறுகிற (அப்லோட்) வேகம். ஒரு வீடியோ கோலுக்கு ஏறுகிற பக்கம் செக்கனுக்கு 3 மெகாபிட் இருந்தாலே போதும், ஆனால் மாலை நேரத்தில் அந்த மூன்று கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலையாக நிற்பதில்லை. யூரியூப் நன்றாக ஓடுகிற அதே நிமிடத்தில் என் குரல் அங்கே துண்டுதுண்டாகப் போய்ச் சேருகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

பிறகு வீடு. யுத்தத்துக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம், வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள். ஒரு வீடு ஏறக்குறைய 550 சதுர அடி. தறப்பாளுக்குக் கீழே இருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை, இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அப்பம்மா, அம்மா, அண்ணாவின் குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிற 550 சதுர அடியில் எட்டு மணித்தியாலம் ஓர் அறையை நான் மட்டும் பிடித்து வைத்திருக்க முடியாது. பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று ஒவ்வொரு நாளும் விரட்ட எனக்கு மனமில்லை. சுவருக்குள்ளே சிக்னல் குறைகிறது என்பதால் விறாந்தையில் இருந்தால் மழையும் நுளம்பும். மாமரத்துக்குக் கீழே மேசை போட்டு வேலை செய்கிற ஒரு தம்பியை எனக்குத் தெரியும், அவனுக்குக் கார்த்திகை மார்கழி மாதங்களில் ஊருக்கு வரவே முடிவதில்லை.

கரண்ட் இன்னொரு பிரச்சினை. எங்கள் பக்கத்துக்கு வருகிற லைன் காட்டுக்குள்ளாலும் மரங்களுக்கிடையாலும் வருகிறது. காற்றடித்தால் கிளை விழுகிறது, திருத்த வேலை என்று முன்கூட்டியே அறிவித்து நாள் முழுக்க நிறுத்துவதும் உண்டு. மடிக்கணினி சில மணித்தியாலம் தாங்கும், ரவுட்டர் உடனே அணைந்துவிடும். ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கி வைத்தால் அது தப்பிவிடும், நான் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற மற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் டவரின் பற்றரியும் இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் என்ன இருந்தும் பிரயோசனம் இல்லை. கொழும்பில் இருக்கிற மேலாளருக்கு இதை விளக்குவது கஷ்டம். இணைப்பு உங்கள் பொறுப்பு என்பார்கள், அவர்கள் பக்கத்தில் பார்த்தால் அதுவும் நியாயம்தான், வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார். இரண்டு கூட்டம் அறுந்தால் அடுத்த கிழமை கந்தோருக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்துவிடும்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், இதைச் சபை தீர்க்க முடியாது என்று நினைக்கலாம், ஆனால் அந்த அறை இதையும் பாதி தீர்க்கும். ஊரில் மடிக்கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளை வேலை செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. "வீட்டிலதானே நிக்கிறாய் பிள்ளை, ஒருக்கா பாங்குக்குப் போட்டு வருவமே" என்று மாமா வருவார். நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டுச் சித்தி பலகாரத்தோடு வந்து உட்காருவார். நான் காதில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தால் அவருடைய முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அவர்கள் பிழை விடவில்லை. அன்பில் வருகிறார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு "வேலைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லி ஓர் இடத்துக்குப் போனால் எல்லோருக்கும் விளங்கும், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகிற பிள்ளையை யாரும் மறிப்பதில்லை. திரும்பி வந்த பிறகு சித்தியோடு முழு மனதோடு இருக்கலாம்.

மே மாதத்தைத் தனியாகச் சொல்கிறேன். முள்ளிவாய்க்காலில் விளக்கேற்ற வருகிறோம், வற்றாப்பளை அம்மன் பொங்கலும் வைகாசி விசாகத்தோடு அதே காலத்தில்தான் வருகிறது. ஊரை விட்டுப் போன எல்லோரும் வருகிற மாதம் அது, வருடத்தில் வேறு எப்போதும் வராதவர்கள்கூட வருவார்கள். அந்த நாட்களில் லீவு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் ஒன்றிரண்டு நாள். பொங்கல் அன்று வற்றாப்பளையைச் சுற்றி எந்தத் தொலைபேசியும் ஒழுங்காக வேலை செய்யாது, அவ்வளவு சனம். விளக்கேற்றிவிட்டு, தாய் தகப்பனோடு இன்னும் ஒரு கிழமை இருந்துவிட்டுப் போவோம் என்று நினைக்கிறவர்கள் வேலைக்காக அவசரமாகத் திரும்புகிறார்கள். எத்தனையோ வீடுகளில் அந்த ஒரு கிழமைக்காகத்தான் வருடம் முழுவதும் காத்திருக்கிறார்கள்.

சரி, அறைக்கு வருகிறேன். கணக்கு எழுதுகிறவள் என்பதால் கணக்கோடே தருகிறேன். எட்டுப் பேர் இருக்கக்கூடிய அறை என்று வைப்போம். ஒரு மடிக்கணினிக்கு 60 வாட் என்றால் எட்டுக்கு 480. மூன்று மின்விசிறிக்கு 180, லைற்றுகளுக்கு 40, ரவுட்டருக்கு 15. மொத்தம் 715 வாட். கரண்ட் இல்லாமல் நாலு மணித்தியாலம் ஓட வேண்டுமென்றால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. 5 யூனிட் கொள்ளளவுள்ள ஒரு லிதியம் பற்றரி தாராளமாகக் காணும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கூரையில் சூரியத் தகடு போட்டுவிட்டோம், கரண்ட் போனாலும் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பற்றரி இல்லாமல் மின்சார சபை லைனோடு மட்டும் இணைத்த தொகுதி, கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்கிற ஊழியருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படித்தான் அமைக்கிறார்கள். ஆகவே கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரும்போது பற்றரியோடு சேர்ந்து இயங்குகிற ஹைபிரிட் இன்வேட்டர் என்று தெளிவாக எழுதுங்கள். அதை எழுதாமல் விட்டால் தகடு இருக்கும், வெயில் இருக்கும், அறை இருட்டாக இருக்கும்.

இணைப்புக்கு, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசினால்கூட ஏறுகிற பக்கம் 24 மெகாபிட் போதும். பைபர் வந்திருக்கிற இடங்களில் ஒரு சாதாரண பைபர் இணைப்பு இதற்குப் போதுமானது. அதோடு வேறொரு நிறுவனத்தின் ஃபோர்ஜி இணைப்பு ஒன்றைத் துணைக்கு வையுங்கள், ஒன்று விழுந்தால் மற்றது எடுக்கும். பைபர் வராத இடத்தில் கூரைக்கு மேலே டவரைப் பார்த்து ஓர் அன்டனா பொருத்தினாலே வீட்டுக்குள்ளே கிடைப்பதைவிட நல்ல சிக்னல் கிடைக்கும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவையும் நாட்டில் தொடங்கிவிட்டது, ஒரு விவசாயக் குடும்பம் அந்தச் செலவைத் தாங்காது, ஒரு சபை பலருக்குப் பொதுவாக எடுத்தால் தாங்கும்.

இதே அறை வெள்ள காலத்திலும் உதவும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வெளியில் இருந்த நாங்கள் வீட்டுக்கு அடித்து அடித்துப் பார்த்து, யாராவது ஒருவருடைய போன் வேலை செய்யாதா என்று ஊரில் இருக்கிற எல்லா இலக்கங்களையும் தேடிக்கொண்டிருந்தோம். பற்றரியும் இன்னொரு வழி இணைப்பும் உள்ள ஒரு பொது இடம் இருந்தால் சனம் போனைச் சார்ஜ் போடும், "இருக்கிறம்" என்று ஒரு வார்த்தை அனுப்பும். அனர்த்த முகாமைத்துவத்துக்கு என்று ஒதுக்குகிற பணத்திலும் இதற்கு ஒரு பங்கைக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

நெனசலவை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கிராமங்களுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோகத் தொடங்கிய திட்டம், 2014 இல் பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் அறக்கட்டளையின் விருதுகூட அதற்குக் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அதன் மையமே அங்கே வைத்த கணினிகள்தான், கணினி பழசானதும், எல்லோர் கையிலும் போன் வந்ததும், பல இடங்களில் கதவு பூட்டியாகிவிட்டது. இப்போது வருகிறவர்கள் தங்கள் கணினியைத் தாங்களே கொண்டு வருகிறார்கள், கொம்பனியே கொடுத்துவிடுகிறது. சபை வாங்க வேண்டியதில் பெரிய செலவு பற்றரியும் இன்வேட்டரும்தான், அவை மூன்று வருடத்தில் பழசாகிவிடுகிற பொருட்கள் அல்ல.

இதற்குச் சபை செலவழிக்க வேண்டுமா, கொழும்பில் சம்பளம் எடுக்கிறவர்களுக்காகவா என்று ஓர் உறுப்பினர் எழும்பிக் கேட்கலாம். கேட்கட்டும். முதலாவது, நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. நாளுக்கு 300 ரூபாய் என்று தீர்மானம் எடுங்கள், டேட்டாவுக்கு ரீலோட் போடுகிற காசை உங்களிடம் தருகிறோம். இரண்டாவது, இந்த அறையை அதிகம் பாவிக்கப்போவது நாங்கள் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே படித்து முடிக்கிற பிள்ளை அடுத்த நாளே கொழும்புக்குப் பெட்டி கட்டுகிறது, பெண் பிள்ளை என்றால் பல வீடுகளில் அதற்கும் விடமாட்டார்கள். ஒன்லைனில் நேர்முகத் தேர்வு செய்யவே நல்ல இடமில்லாமல் உறவினர் வீடுகளில் போய் இருந்து செய்தவர்களை எனக்குத் தெரியும். அறை வந்தால் எல்லோருக்கும் வேலை வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் என்னோடு வேலை செய்கிற பலர் செய்கிற அதே கணக்கு வேலையை ஒட்டுசுட்டானில் இருந்து செய்ய முடியாததற்கு அறிவோ ஆங்கிலமோ மட்டும் காரணம் இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொம்பனிகள் முதலில் கேட்பதே "உங்கள் வீட்டில் இணைப்பு எப்படி" என்றுதான்.

இரவு பத்தரை என்பதில்தான் உங்களுக்குத் தயக்கம் வரும் என்று தெரியும். அதற்கு முன்னால் பூட்டினால் இங்கிலாந்துக்கு வேலை செய்கிறவருக்கு இந்த அறையால் ஒரு பயனும் இல்லை, மாலையில் நூலகம் பூட்டுகிற நேரம் லண்டனில் பகல் சாப்பாட்டு நேரம்கூடத் தாண்டியிருக்காது. காவலாளி ஒருவர் வேண்டும், வாசலில் வெளிச்சம் வேண்டும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை ஒழுங்காக இருக்க வேண்டும். நூலகத்தில் படிக்க வருகிறவர்களைக் குழப்பாமல் அறைக்கு வெளிப்பக்கத்தால் ஒரு கதவு வையுங்கள். வீட்டுக்குத் திரும்புகிற வழிதான் எனக்கும் கவலை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் இரவில் யானை வருகிற வீதிகளில் மோட்டார் சைக்கிளில் போவது பயம். அதனால்தான் பட்டணத்தில் மட்டும் ஒரு பெரிய நிலையம் போதாது என்று சொல்கிறேன். ஒரு சபைக்கு ஒரு நூலகத்தில் தொடங்குங்கள், நன்றாக நடந்தால் அடுத்த வருடம் காட்டோரக் கிராமங்களில் உங்களிடம் பதிவு செய்திருக்கிற சனசமூக நிலையங்களில் இரண்டு மூன்று பேர் இருக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்யலாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால் அண்ணாவோ அப்பாவோ ரோச்சோடு வந்து கூட்டிக்கொண்டு போவார்.

டவர்கள் பற்றி இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குத் தனியாக எழுத வேண்டும், எழுதுவோம். ஆனால் உங்கள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் எந்தெந்தக் கிராமத்தில் என்ன வேகம் கிடைக்கிறது என்று அளந்து இணைத்து அனுப்பினால் அதற்கு இருக்கிற கனம் என்னுடைய தனிக் கடிதத்துக்கு இருக்காது. அளக்கிற வேலையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் செய்து தருவார்கள், போனில் இரண்டு நிமிட வேலை.

பாதீடு ஆண்டு இறுதிக்குள் நிறைவேற வேண்டும் என்பதால் இதை இப்போதே எழுதுகிறேன். சபையின் மாத அமர்விலோ நூலகக் குழுவிலோ இதைப் பற்றிப் பேச அழைத்தால் மேலே சொன்ன கணக்கை விலைப்பட்டியலோடு எழுதிக்கொண்டு வருவேன், என்னைப் போல் வேலை செய்கிற இன்னும் சிலரையும் கூட்டி வருவேன். காலையில் அமர்வு வைத்தால் நல்லது. பிற்பகலில் வேலை.

இப்படிக்கு,
முத்தையன்கட்டு இடதுகரையில் பிறந்து, கொழும்பில் இருந்து வேலை செய்யும் உங்கள் ஊர்ப் பெண்